நிர்வாணம்: அணைந்த விளக்கும் அவிழ்ந்த துணியும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. பள்ளியில் கலைப் பாடம் படிக்கும் ஒரு பெண், நகரத்துச் சிலைகளைப் பற்றிய கட்டுரைக்காக 'நியூட் ஸ்கல்ப்ச்சர்' என்று கைப்பேசியில் தட்டித் தமிழ் தேடியிருக்கிறாள். 'நிர்வாணச் சிலை' என்று வந்திருக்கிறது. "ஆன்ட்டி, நிர்வாணா புத்தர் அடைஞ்சதுதானே? அப்ப இது தியானம் பண்ற சிலையா?" என்று கேட்டாள். பின்வரிசைப் பையன்கள்கூடச் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் நிர்வாணா என்றால் அதுதான். சிரித்தது நான் ஒருத்திதான். சிரித்து முடித்த பிறகுதான் கேள்வி எவ்வளவு நியாயமானது என்று உறைத்தது.

சொல்லின் பிறப்பில் துணியே கிடையாது. வடமொழியில் 'வா' என்பது வீசுதல், ஊதுதல். 'நிர்வாணம்' என்றால் ஊதி அணைந்த நிலை. எண்ணெய் தீர்ந்த விளக்கு. பௌத்தர் அதை ஆசைத்தீ அணைந்ததற்குச் சொன்னார்கள். இந்தப் பொருளுக்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: அவிதல். 'ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்' என்று புறநானூறு சொல்கிறதே, அந்த அவிதல்தான். இன்று அதை அடுப்புக்கும் இட்லிக்கும் விட்டுவிட்டோம்.

அணைந்த விளக்கு எப்படி அவிழ்ந்த துணி ஆயிற்று? வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் சமணர் வழியாக வருகிறது. வீடுபேற்றை நாடிய திகம்பரத் துறவிகள் ஆடையைத் துறந்து திரிந்தார்கள். திக்கு, அம்பரம்: திசையே ஆடை. அவர்கள் தேடியதன் பெயரை ஊர் அவர்கள் நின்ற கோலத்துக்கு வைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 'இது வடசொல், நமக்கு அம்மணம் போதும்' என்று ஒதுங்கினாலும் தப்ப முடியாது. அம்மணத்தை அமணத்திலிருந்தும், அமணரைச் 'சிரமண'த்திலிருந்தும் வந்ததாகவே காட்டுவார்கள். ஆக, தமிழில் துணியில்லாமைக்கு வாயில் முதலில் வரும் இரண்டு சொல்லும் துறவிகள் விட்டுச் சென்றவை. அதில் ஒன்றை நாம் குழந்தையின் பின்பக்கத்தோடு ஒட்டி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதை மறந்தே போனோம்: நக்கன். வடமொழி 'நக்ன'த்திலிருந்து வந்தது. ஆங்கில 'நேக்கட்', லத்தீன் 'நூடுஸ்' எல்லாம் அதே குடும்பம். ஆடையின்றிப் பிச்சைக்கு வந்த சிவனுக்கு நக்கன் என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய பெண்கள், 400 பேரின் பட்டியல் இருக்கிறது. பெயர்கள் வரிசையாக 'நக்கன்' என்றே தொடங்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன் அது பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பெருமை.

பழங்காலத்தில் நமக்குக் கூச்சமே இல்லை என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். 'உடுக்கை இழந்தவன் கைபோல' என்ற குறளில் (788) நழுவிய துணியை நோக்கிக் கை பாய்கிறதே, அந்த வேகம் முழுவதும் நாணம்தான். தானே துறந்தவனுக்கு ஒரு சொல், தவறி இழந்தவனுக்கு ஒரு சொல். பிறர் பிடித்து இழுத்தால் அது துகிலுரிதல். மூன்றிலும் உடம்பு ஒன்றுதான். தமிழ் பார்ப்பது உடம்பை அல்ல. துணியை எடுத்தது யார் என்பதை.

நகரத்துச் சிலைகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. சொல்லை மறைத்துச் சொல்வதற்கு நன்னூல் 'இடக்கரடக்கல்' என்று பெயர் வைத்தது. சிலைக்கும் அது உண்டு. பிளாரன்ஸ் நகரச் சதுக்கத்தில் 1504இல் வைத்த மைக்கேலாஞ்சலோவின் தாவீதுக்குப் பொன்முலாம் பூசிய இலைகளைக் கட்டினார்கள். 1857இல் சுதையில் வார்த்த அதன் நகல் லண்டனுக்கு வந்தபோது, அரச குடும்பப் பெண்கள் பார்க்க வந்தால் மாட்டுவதற்கென்று ஒரு சுதை இலையே செய்து வைத்தார்கள். இலைமறை காய்மறை என்பதை இவ்வளவு நேராக யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், பாலக்காட்டை அடுத்த மலம்புழை அணைப் பூங்காவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் எழுப்பிய யட்சி. சுமார் 30 அடி உயரம், உடம்பில் நூலிழை கிடையாது. சென்னையில் கலை பயின்றவர் அவர். செய்யும்போதே எதிர்ப்பு. இன்று குடும்பம் குடும்பமாக முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் கூச்சம், பிறகு பழக்கம்: மனம் மாறிய கதையை எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.

எங்கள் நாட்டுச் சிலை ஒன்று அந்தக் கதையைத் திருப்பிப் போட்டது. சாரா பார்ட்மன் என்ற கொய்கொய் பூர்வகுடிப் பெண்ணை 1810இல் கேப் டவுனிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோய், காசு வாங்கிக்கொண்டு உடம்பைக் காட்டினார்கள். 1815இல் பாரிசில் இறந்தார். அதன் பிறகும் விடவில்லை: அவரது எலும்புக்கூடும் உடலின் வார்ப்பும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் 1970கள் வரை பார்வைக்கு இருந்தன. 2002 ஆகஸ்ட் 9, எங்கள் பெண்கள் தினத்தன்றுதான் கிழக்குக் கேப் மாகாணத்து ஹேங்கியில் மண்ணுக்குள் போனார்.

வில்லி பெஸ்டர் என்ற சிற்பி பழைய இரும்புத் துண்டுகளை இணைத்து சாராவின் உருவத்தைச் செய்தார். அது கேப் டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் ஆடையின்றி நின்றது. அவர் செய்தது கண்டனமாகத்தான். ஆனால் 2016இல் மாணவர்கள் அதற்குத் துணி போர்த்தினார்கள்: இருநூறு வருஷம் பார்த்தது போதும் என்று. கலையை மூடுவது தணிக்கை என்றது இன்னொரு தரப்பு. 2018இல் துணி அகற்றப்பட்டதும் சண்டை மறுபடி மூண்டது. போர்த்தியவர்கள் பழமைவாதிகள் அல்ல, இருபது வயதுப் பிள்ளைகள். அதே 2018 இறுதியில் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்துக்கு சாராவின் பெயரே வைக்கப்பட்டது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "கோயில்ல அம்மனுக்குப் புடவை சாத்துற மாதிரியா, ஆன்ட்டி?" என்றான். கல்லில் செதுக்கும்போதே சிற்பி சேலை மடிப்பை இழைத்திருப்பார். அதன் மேலும் நாம் பட்டு சாத்துகிறோம். அது மறைப்பதற்கில்லை, மரியாதைக்கு. ஆனால் தமிழில் கதவையும் சாத்துகிறோம். நூலகத்தில் அந்தப் பிள்ளைகள் எதைச் சாத்தினார்கள், துணியையா கதவையா? என் மனம் துணி என்றே சொல்கிறது. இதே கேள்வியை மலம்புழையில் கேட்டால் கதவு என்பேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வெற்றுடம்பு' சரிவராது, சட்டை போடாத தாத்தாவுக்கும் அதைத்தான் சொல்வோம். 'ஆடையற்ற சிலை' பிழையில்லாத சொல்தான், ஆனால் இல்லாததை வைத்துப் பெயரிடுகிறது. எனக்குப் பிடித்தது 'பிறந்தமேனிச் சிலை'. பேச்சு வழக்கில் ஏற்கெனவே உள்ள சொல், கொச்சை இல்லை. அதோடு மேனி என்பது நம் தோலுக்கும் சொல், சாமிக்கும் சொல். உற்சவர் சிலையைத் திருமேனி என்றுதானே சொல்கிறோம். யட்சிக்கும் தாவீதுக்கும் அது பொருந்தும். நிர்வாணத்தை நாளிதழ்கள் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். பெயரடையாக வரும்போது துணி, தனியாக பௌத்தப் பேச்சில் வரும்போது விளக்கு என்று இடம் பார்த்துப் படித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் அவள் கட்டுரையைக் கொண்டுவந்தாள். யட்சிப் படத்தின் கீழே 'பிறந்தமேனிச் சிலை' என்று எழுதியிருந்தாள். சாராவின் படத்துக்கு, துணி போர்த்தியிருந்தபோது எடுத்ததையே தேர்ந்தெடுத்து, கீழே பெயரை மட்டும் போட்டிருந்தாள். றகரத்துக்கும் ரகரத்துக்கும் இன்னும் சண்டை. அதைத் திருத்திக் கொடுத்தேன்.