டைவ் கம்ப்யூட்டர்: முக்குளிப்புக் கணினி

பல விளையாட்டுகளுக்கான ஸ்மார்ட்வாட்ச்சுகளின் விவரப் பட்டியலில் ஓட்டம், சைக்கிள், நீச்சல் ஆகியவற்றோடு இப்போது ‘டைவ் கம்ப்யூட்டர்’ என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது. தண்ணீர் புகாத வாட்ச் என்று அதற்குப் பொருள் கொள்பவர்கள் உண்டு. ஆழம் காட்டும் வாட்ச் என்று கொள்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. அந்தத் தவறோடு கடலில் இறங்கினால் உடம்புக்கே கேடு வரலாம்.

சிலிண்டர் கட்டிக்கொண்டு நீருக்கடியில் போகிறவரின் உடலில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று இந்தக் கருவி கணக்குப் போடுகிறது. அதற்கு அது எடுத்துக்கொள்வது நீரழுத்தத்தையும் நேரத்தையும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார், அதாவது கரையில் இருக்கும் காற்றழுத்த அளவு, கூடும். ஆகவே 30 மீட்டரில் மூச்சிழுப்பவர் கரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு அழுத்தத்தில் காற்றை இழுக்கிறார். அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் கரைந்தது குமிழியாகப் பிரியும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும் ‘பெண்ட்ஸ்’ நோய் இப்படித்தான் வருகிறது.

கணக்கின் வேர் 1908-இல் இருக்கிறது. பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, உடலை வெவ்வேறு வேகத்தில் நைட்ரஜனை ஏற்கும் ஐந்து திசுப் பகுதிகளாகப் பிரித்தார். அவற்றின் அரைக்காலம், அதாவது ஒரு பகுதி ஏற்கக்கூடிய நைட்ரஜனில் பாதியை ஏற்க ஆகும் நேரம், 5 நிமிடத்திலிருந்து 75 நிமிடம் வரை. பின்னாளில் சூரிச்சில் மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் அதை 16 பகுதிகளாக விரித்தார்; மிக மெதுவான பகுதிக்கு 635 நிமிடம். இன்று மணிக்கட்டில் கட்டும் பல கருவிகளுக்குள் ஓடுவது பூல்மனின் இந்தக் கணக்குதான். இந்தத் திசுக்கள் உடலைத் திறந்து பார்த்தால் தெரியும் உறுப்புகளல்ல, கணக்குக்காக வகுத்துக்கொண்டவை. வாட்ச் உங்கள் இரத்தத்தை அளப்பதும் இல்லை. அது காட்டுவது ஓர் அனுமானம்.

சொல்லின் பிறப்பைப் பார்க்கலாம். ‘டைவ்’ பழைய ஆங்கிலச் சொல்; ஆழத்தைக் குறிக்கும் ‘டீப்’, தோய்ப்பதைக் குறிக்கும் ‘டிப்’ ஆகியவற்றோடு ஒரே குடும்பம். ‘கம்ப்யூட்டர்’, சேர்த்துக் கணக்கிடுதல் என்ற பொருளுள்ள ‘கம்ப்யூட்டாரே’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அது கணக்குப் போடும் மனிதரைக் குறித்தது. தமிழிலும் ‘கணி’ என்ற வேரிலிருந்து, காலத்தைக் கணிப்பவரான ‘கணியன்’ முன்பே பிறந்திருந்தார். ‘கணினி’ நேற்று வந்தது.

கணக்கிடுதல் என்ற அந்த மூலப்பொருளை டைவ் கம்ப்யூட்டர் விடாமல் வைத்திருக்கிறது. 1959-இல் இத்தாலியில் வந்த முன்னோடிக் கருவியில் மின்னணு எதுவும் கிடையாது. ஒரு பையிலுள்ள வாயு நுண்துளைப் பீங்கான் வழியாக மெல்லக் கசியும். அந்தக் கசிவே உடலில் நைட்ரஜன் ஏறுவதைப் போலச் செய்துகாட்டியது. மின்னணுக் கருவிகள் 1983-இல் ‘ஓர்க்கா எட்ஜ்’ வந்த பிறகுதான் பரவின. அதுவரை அச்சிட்ட அட்டவணைதான் துணை. முக்குளிப்புப் பயிற்சி தரும் பி.ஏ.டி.ஐ. அமைப்பின் அட்டவணையில், வழியில் நிற்காமல் மேலே வர 18 மீட்டரில் அதிகபட்சம் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் இருக்கலாம். முழு நேரமும் மிக ஆழமான இடத்திலேயே இருந்ததாக அட்டவணை எடுத்துக்கொள்ளும். கருவியோ நீங்கள் எந்த ஆழத்தில் எத்தனை நேரம் இருந்தீர்களோ அதைப் பின்தொடர்ந்து கணக்கைத் திருத்திக்கொண்டே போகும்.

ஆகவே ஒரு ஸ்மார்ட்வாட்ச் இந்தப் பெயருக்குத் தகுதியானதா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: நைட்ரஜன் கணக்கு அதற்குள் ஓடுகிறதா?

பின்புறம் ‘50 மீட்டர்’ என்று பொறித்திருப்பது நீர் புகாமைச் சோதனையின் அளவு. அத்தனை ஆழத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற அனுமதியாக அதைப் படிக்கக் கூடாது. ‘இ.என். 13319’ என்ற ஐரோப்பியத் தரக்குறியைப் பார்த்தவுடன் பலர் நிம்மதி அடைகிறார்கள். அது ஆழத்தையும் நேரத்தையும் சரியாக அளக்கிறதா என்பதற்கான தரம் மட்டுமே. எப்போது, எப்படி மேலே வரலாம் என்ற மேலேறும் கணக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 2022-இல் வந்த ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவைப் பாருங்கள். அதன் டெப்த் செயலி 40 மீட்டர் வரை ஆழம், நீரின் வெப்பநிலை, நீருக்கடியில் கழிந்த நேரம் ஆகியவற்றைக் காட்டும். நைட்ரஜன் கணக்குக்கு ஓஷியானிக் பிளஸ் போன்ற தனிச் செயலி வேண்டும். அந்தச் செயலியின் சந்தா நடப்பில் இருக்கிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். 2017-இல் வந்த கார்மின் டிசென்ட்டில் கணக்கு உள்ளேயே இருந்தது. இரண்டும் வாட்ச்தான். ஆனால் முதலாவது, அந்தத் தனிச் செயலி ஓடும்போது மட்டுமே டைவ் கம்ப்யூட்டர்.

உள்ளேயே கணக்குள்ள வாட்ச்சிலும் முறைத் தேர்வு முக்கியம். ‘காஜ்’ முறையில் ஆழமும் நேரமும் தெரியும், மேலேறும் கணக்கு வராது. ஒரு டைவ் முடிந்ததும் வாட்ச்சை நண்பரிடம் கொடுத்துவிட்டு அடுத்த டைவுக்கு வேறொன்றைக் கட்டினால் கணக்கே அறுந்துபோகும். உங்கள் உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜனை நினைவில் வைத்திருப்பது முதல் வாட்ச்தான். காலை ஓட்டத்துக்கும் அதே வாட்ச்சைக் கட்டுகிறவர்கள் சார்ஜைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீருக்கடியில் ஜி.பி.எஸ். எடுக்காது, தொடுதிரையையும் நம்ப முடியாது. பொத்தான்களைக் கரையிலேயே பழகிக்கொள்வது நல்லது.

இனித் தமிழ்ச் சொல். ‘மூழ்கல் கணினி’ என்று சிலர் எழுதலாம். கப்பலும் மூழ்கும், நீச்சல் தெரியாதவரும் மூழ்குவார். திரும்பி வருவதை அந்தச் சொல் உறுதியாகச் சொல்லாது. ‘குளி’ பழைய, அழகான சொல். முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். ஆனால் தனியாக நின்றால் இன்றைய காதுக்குக் குளியலறைதான் கேட்கிறது. ‘முக்குளி’ என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. முங்கி இரை தேடி மறுபடி எழும் முக்குளிப்பான் பறவையின் பெயர் அதில் இருக்கிறது. இந்தக் கருவியின் வேலையும் மேலே வரும் பாதையைக் காப்பதுதானே. ஆகவே ‘முக்குளிப்புக் கணினி’ என்பதே என் தேர்வு.

‘கடிகாரம்’ என்ற சொல்லை இதில் சேர்க்கத் தேவையில்லை. ஆனாலும் அதன் கதை இங்கே சொல்லத் தக்கது. ‘கடிகை’ வடமொழியில் சிறு கலம். அடியில் துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் நேரத்தை ஒரு நாழிகையாக, அதாவது 24 நிமிடமாக எண்ணினார்கள்.

துணைச் சொற்கள் இரண்டு. ‘நோ டீகம்ப்ரஷன் லிமிட்’ திரையில் என்.டி.எல். என்று தெரியும், வழியில் கட்டாயமாக நிற்காமல் நேரே மேலேறக்கூடிய மிச்ச நேரம் அது. ‘நில்லா மேலேற்ற எல்லை’ எனலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பு இந்த எல்லைக்குள்ளேயே, 40 மீட்டருக்கு மேற்படாமல் நடப்பது. ‘சேஃப்டி ஸ்டாப்’ என்பதற்குக் ‘காப்பு நிறுத்தம்’ பொருந்தும். கட்டாயம் இல்லாவிட்டாலும் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பது வழக்கம். அந்த ஆழத்துக்கு வந்ததும் பெரும்பாலான கணினிகள் தாமாகவே நிமிடத்தை எண்ணத் தொடங்கிவிடும்.