காணாமற்போனவரின் குடும்பத்துக்கு: மரணச் சான்றிதழில் கையெழுத்து வைக்குமுன்

இலங்கையில் பல அரசாங்கப் படிவங்களில் திருமண நிலை என்று ஒரு வரி இருக்கும். 2009 மே மாதம் போர் முடிந்த நாட்களில் முல்லைத்தீவு வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்த பெண் அதில் எதற்குப் புள்ளடி போடுவாள்? ‘விதவை’ என்று போட்டால் தானே அவரைச் சாகடித்தது போலக் கை நடுங்கும். ‘திருமணமானவர்’ என்று போட்டால், “அப்ப அவர் வந்து கையெழுத்து வைக்கட்டும்” என்பார்கள். பொட்டு வைக்கலாமா, மகளின் கல்யாணத்தில் முன்னுக்கு நிற்கலாமா என்று ஊர் வேறு கதைக்கும். இரவில் படலை சத்தம் கேட்டால் எழும்பி உட்காரும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. செத்த வீடு என்றால் அழுது, எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று ஒரு கரை உண்டு. இதற்கு அப்படி எதுவும் இல்லை.

இந்த நிலைக்கென்று சட்டத்தில் ஒரு தாள் இருக்கிறது. அது பலருக்குச் சொல்லப்படுவதில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகத் தகவல் இல்லாதவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. 2016இல் அதைத் திருத்தி, ‘இறந்தார்’ என்று சொல்லாமல் ‘காணாமற்போயுள்ளார்’ என்று மட்டும் சொல்லும் சான்றிதழைச் சேர்த்தார்கள். அதுதான் காணாமற்போனமைக்கான சான்றிதழ். வழங்குபவர் பதிவாளர் நாயகம்.

எதை எடுப்பது என்பது உங்கள் முடிவு. இதை முதலில் மனதில் வையுங்கள். “மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லா வேலையும் சுகமாக முடியும், மற்றது இழுபடும்” என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்பவருக்குச் சுகம், உண்மைதான். ஆனால் காணாமற்போனமைக்கான சான்றிதழை வைத்தும் சமூக உதவிக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், பிள்ளைகளின் தற்காலிகப் பாதுகாவலர் பொறுப்பைக் கேட்கலாம். காணியை விற்பது, நிரந்தரமாகப் பெயர் மாற்றுவது போன்ற காரியங்களை அதை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். அவற்றுக்கு முன் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள், சட்ட உதவி ஆணைக்குழுவில் கட்டணமில்லாமலே கேட்கலாம். சான்றிதழுக்குச் செல்லுபடிக் காலம் உண்டு. கையில் வாங்கியதும் முடிவுத் திகதியைப் பாருங்கள்.

அப்புறம் அலைச்சல். கிராம சேவையாளரிடம் போனால் பொலிஸ் முறைப்பாடு கேட்பார். பொலிஸில் அந்தக் காலத்துப் பதிவு இல்லை என்பார்கள். பிரதேச செயலகத்தில் ‘அது எங்கட வேலை இல்லை’ என்பார்கள். நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, மாத்தறை ஆகிய இடங்களில் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் திறக்கப்பட்டன. எந்த ஆண்டில் காணாமற்போனாலும் முறைப்பாடு கொடுக்கலாம். உறவினரும் கொடுக்கலாம், நண்பரும் கொடுக்கலாம். சான்றிதழுக்கான பரிந்துரை அங்கிருந்து பதிவாளர் நாயகத்துக்குப் போகும்.

“நான் பரணகம ஆணைக்குழுவிலேயே சொல்லிப்போட்டன்” என்று இருந்துவிடாதீர்கள். அது காணாமற்போனோர் பற்றி முன்பு விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு. அங்கே சொன்னது இங்கே உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று கேட்டு, இலக்கத்தை எழுதி வாங்குங்கள். பொலிஸ் துண்டு இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் செஞ்சிலுவைச் சங்கப் பதிவு, மனித உரிமைகள் ஆணைக்குழுக் கடிதம், பழைய ஆணைக்குழுவின் அழைப்புக் கடிதம் என எது இருந்தாலும் கொண்டுபோங்கள். மூலத்தைக் கொடுக்க வேண்டாம். காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுங்கள். ஒரேயொரு போட்டோவையும் கொடுத்துவிட்டு இன்றுவரை திரும்பக் கிடைக்காத தாய்மாரைக் கண்டிருக்கிறேன்.

அதிகம் பேரை மடக்குவது பெயர் எழுத்து. அடையாள அட்டையில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதியவர் கேட்டபடி இன்னொரு விதம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தால் பாதித் திருப்பியனுப்பல் குறையும். தமிழ் அரச கரும மொழி. விளங்காத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு மேசையிலும் அந்த நாளை முதலிலிருந்து சொல்ல வைப்பார்கள். சொன்ன அன்று இரவு தூக்கம் போகும், சிலருக்கு நெஞ்சு அடைக்கும், வீட்டில் பிள்ளைகள் மீது கோபம் பாயும். இது பலவீனம் இல்லை. ஆறவிடாமல் கிளறினால் அப்படித்தான் ஆகும். அதனால் நம்பிக்கையான ஒருவரோடு இருந்து, எங்கே, எப்போது, யார் பார்த்தது, என்ன உடுப்பு என்று ஒரு பக்கத்தில் ஒரு தரம் எழுதிவிடுங்கள். கேட்கும்போது அதை நீட்டி, “எல்லாம் இதில இருக்கு” என்று சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

காசு விஷயம். 2022 மார்ச்சில் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்று அமைச்சரவை முடிவெடுத்து, பிறகு இரண்டு இலட்சமாக்கினார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் போராட்டம் தொடங்கிய தாய்மார் பலர் அதை மறுத்தார்கள். வறுமையால் வாங்கியவர்களும் உண்டு. இரண்டு பேரையும் குறை சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, கையெழுத்து வைக்கும் தாளில் ‘இனி உரிமை கோரமாட்டேன்’, ‘தேடலை முடிக்கச் சம்மதம்’ என்ற மாதிரி வரி இருக்கிறதா என்பதுதான். இருந்தால் எழும்பி வந்து ஒருவரிடம் காட்டுங்கள்.

இழப்பீட்டுக்கான அலுவலகம் காசு மட்டும் கொடுக்கிற இடம் இல்லை. அதை அமைத்த 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி உளசமூக உதவியும் பரிகாரத்தில் அடங்கும். கேட்காவிட்டால் யாரும் தரப்போவதில்லை, விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் இந்தச் சான்றிதழ் எதையும் கேட்கமாட்டார்கள். தேசிய உளநல உதவித் தொலைபேசி 1926.

முறைப்பாடு கொடுத்த தாய்மார் பலர் பதில் இல்லாமலே இறந்துவிட்டார்கள். கோப்பு அவர்கள் பெயரில் இருப்பதால் கடிதம் பழைய விலாசத்துக்கே போகிறது. அதனால் இப்போதே இரண்டாவது ஆளாக ஒரு பிள்ளையின் அல்லது சகோதரத்தின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கத்தைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுங்கள். உங்கள் பிரதியிலும் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.