டாரிஃப் என்றால் கட்டணம் அல்ல

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கான இறக்குமதி வரியை (ஆங்கிலத்தில் டாரிஃப்) முதலில் 25 சதவீதம், அந்த மாதக் கடைசியில் இன்னொரு 25 சதவீதம் என்று ஏற்றியதிலிருந்து ‘கட்டணம்’ என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ‘அமெரிக்கக் கட்டணங்களால் திருப்பூர் பாதிப்பு’, ‘கட்டணப் போர்’, ‘புதிய கட்டணம் அமலுக்கு வந்தது’. யாரோ அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று முதலில் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளரே, “இந்தக் கட்டணத்தைத் திருப்பூர்க்காரர்கள் எப்படிக் கட்டப்போகிறார்கள்?” என்று கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரும் திருத்தவில்லை. அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரபியில் ‘தஅரீஃப்’ என்றால் தெரியப்படுத்துதல், அறிவித்தல். இந்தியில் பாராட்டைக் குறிக்கும் ‘தாரீஃப்’ கூட இதே சொல்தான். இத்தாலியத்தில் ‘தாரிஃபா’ ஆகி, அப்படியே பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. ஸ்பெயினில் உள்ள தாரிஃபா துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்லப்படுவது வெறும் ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டிய கதை.

ஆக, டாரிஃப் என்பது அடிப்படையில் ஓர் அறிவிப்புப் பட்டியல்: எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு. இந்தியாவின் 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தைப் புரட்டினால் இன்றும் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். பின்னலாடைகளுக்கு 61ஆம் அத்தியாயம், அதில் டி-சர்ட்டுக்கு 6109 என்ற எண். இந்தப் பட்டியல் பொருளிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று மின்சாரம், தொலைபேசி, விடுதி அறை ஆகியவற்றுக்கான விலைப்பட்டியல். மற்றொன்று எல்லையில் வந்து இறங்கும் சரக்குக்கான வரி. முதல் கிளைக்கு ‘கட்டணம்’ மிகச் சரி. மின் கட்டணம் என்றுதானே சொல்கிறோம். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட அந்தப் பொருளையே எடுத்து இரண்டாவது கிளையிலும் ஒட்டியதில்தான் கோளாறு தொடங்குகிறது.

கட்டணம் என்றால் ஒன்றைப் பெற்றுக்கொண்டு அதற்காகக் கொடுப்பது. பேருந்தில் ஏறினால் கட்டணம், தேர்வு எழுதினால் கட்டணம். வரி அப்படியல்ல. கைமாறாக எதையும் தராமலே அரசு கேட்கலாம், கொடுத்தே ஆக வேண்டும். இது வெறும் சொல் நுணுக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1954இல் சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை வைத்தே தீர்ப்புச் சொன்னது. சென்னை மாநில அறநிலையச் சட்டப்படி மடங்களிடம் வாங்கிய தொகையைக் கட்டணம் என்று ஏற்க முடியாது, அது வரிதான், அதை விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. ஒரு சட்டப்பிரிவே விழும் அளவுக்குக் கனமான வேறுபாடு இது. நம் செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

இதனால் படிப்பவருக்கு என்ன நஷ்டம்? யார் கட்டுகிறார் என்பது மறைந்துபோகிறது. பருத்தி டி-சர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீதம் வரி இருந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அதன் மேல் இந்த 50 சேர்ந்தது. அப்போது நூறு டாலர் மதிப்புள்ள சரக்கு அங்கே இறங்கினால் 66 டாலர் 50 சென்ட் வரி ஆனது. அதை அமெரிக்கச் சுங்கத்துறையிடம் கட்டுபவர் அந்த நாட்டு இறக்குமதியாளர். திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒரு சென்ட்டும் கட்டுவதில்லை. ஆனால் அடி அவர்மேல் விழுகிறது. இறக்குமதியாளர் ஃபோன் போட்டு, விலையைக் குறை, இல்லையென்றால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். ஏற்றுமதியாளர் தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஜாப் ஒர்க் எடுப்பவர்கள், அதாவது கூலிக்கு வேலை செய்து கொடுப்பவர்கள் பக்கம் தள்ளுகிறார். நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங் என்று இறங்கி, பவர்டேபிள் எனும் தையல் மேசையில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் வரைக்கும் அது வந்து சேர்கிறது. ஆர்டரே நின்றுபோனால் கேட்கவே வேண்டாம். வரி அங்கே, வலி இங்கே. ‘திருப்பூர் கட்டணம் கட்டுகிறது’ என்று எழுதுபவர் இந்தச் சங்கிலி முழுவதையும் வாசகரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறார். உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று அதே பத்தியில் உருகவும் செய்கிறார். எங்கே அடிபடுகிறது என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது?

எதிர்த்திசையிலும் இதே குழப்பம்தான். வெளிநாட்டுப் பஞ்சுக்கு இந்தியா விதித்திருந்த 11 சதவீத இறக்குமதி வரி அதே ஆகஸ்டில் நிறுத்திவைக்கப்பட்டது, பிறகு டிசம்பர் கடைசி வரை நீட்டிக்கப்பட்டது. நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் வரவேற்றன. பருத்தி விவசாயிகள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. அவர்களுக்கு அந்த வரி ஒரு வேலி. உள்ளூர் விளைச்சலைக் காக்கும் வேலியே உள்ளூர் ஆலைக்குச் சுமையாகவும் இருக்கிறது. இதையும் ‘பஞ்சுக் கட்டணம் ரத்து’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

சரி, எந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவது? தனித்தமிழ் நண்பர்கள் சுங்கத்துக்கான பழைய சொல்லான ‘உல்கு’ என்கிறார்கள். அழகான சொல். உல்கு பொருளை வேந்தனின் பொருள்களில் ஒன்றாகத் திருக்குறள் 756 சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் புலிச்சின்னம் பொறித்துச் சரக்கை விட்ட காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆனால் உரை இல்லாமல் இன்று அது யாருக்கும் புரியாது. சுங்கம் கேட்டுப் பழகிய சொல். முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர் பெற்றான். இப்போது சுங்கம் என்றதும் நெடுஞ்சாலைச் சாவடிதான் நினைவுக்கு வருகிறது. அதனால் தனியாக நிற்காமல் ‘சுங்க வரி’ என்று வந்தால் நல்லது.

என் தேர்வு ‘இறக்குமதித் தீர்வை’. நிலத்தீர்வை, ஆயத்தீர்வை என்று தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஏற்கெனவே இருக்கும் சொல். இலங்கைத் தமிழர்கள் தீர்வையற்ற கடை, தீர்வையற்ற வாகனம் என்று அன்றாடம் புழங்குகிறார்கள். பொதுவாசகருக்குத் தீர்வை கனமாகத் தோன்றினால் ‘இறக்குமதி வரி’ போதும். ஒரு குறையும் இல்லை. பட்டியலைச் சொல்லும் இடத்தில் தீர்வை அட்டவணை, உள்நாட்டுத் தொழிலுக்கு வேலியாகப் போடுவதற்குக் காப்பு வரி.

இன்னொன்றும் உண்டு: ‘இந்தியா மீது 50 சதவீத வரி’ என்ற தலைப்பு. 756ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் சுங்கத்துக்குச் சொல்லும் விளக்கம், கலத்திலும் காலிலும் வரும் பண்டங்களுக்கான இறை என்பது. கலம் என்றால் கப்பல், இறை என்றால் வரி. இறை பண்டத்துக்கு, நாட்டுக்கு அல்ல. ‘இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்காவில் 50 சதவீதக் கூடுதல் இறக்குமதி வரி’ என்று எழுதினால் இரண்டு மூன்று சொற்கள்தான் கூடும்.

‘பரஸ்பர வரி’யையும் விட மனமில்லை. பரஸ்பரம் என்றால் நீ போட்ட அளவு நான் போடுவது. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா அறிவித்த விகிதங்கள் அப்படி வரவில்லை. வர்த்தகப் பற்றாக்குறையை இறக்குமதி மதிப்பால் வகுத்து, அதில் பாதியை எடுத்துப் போட்ட கணக்கு அது. பரஸ்பரம் என்பது அமெரிக்க அரசு அதற்கு வைத்த பெயர். தமிழில் எழுதும்போது ‘பரஸ்பர வரி என்று அமெரிக்கா அழைத்த கூடுதல் வரி’ என்று எழுதுங்கள்.