30 ஆண்டுக்குள் பெரிய நிலநடுக்கம் வர வாய்ப்பு 0.9 சதவீதம் என்றால் ஆபத்து இல்லை என்று பொருளா?

நிலநடுக்கம் வரும் நாளை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிலப்பிளவு (பாறை உடைந்து இரு பக்கமும் நழுவும் கோடு) எவ்வளவு பெரிய நடுக்கத்தைத் தரும், சராசரியாக எத்தனை ஆண்டுக்கொரு முறை தரும் என்று கணக்கிட முடியும். 60 கி.மீ. நீளமும் 15 கி.மீ. ஆழமும் உள்ள பிளவு ஒரே தடவையில் 2 மீட்டர் நழுவினால், நடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 7.1. அந்தப் பிளவின் நகர்வு ஆண்டுக்கு 2 மி.மீ. என்றால், 2 மீட்டர் சேர 1,000 ஆண்டு பிடிக்கும். கணக்கு எளிதுதான். அதில் போடும் எண்களைப் பெறுவதுதான் பாடு.

கடைசியாக எப்போது உடைந்தது என்றறிய, பிளவுக்குக் குறுக்கே சில மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுகிறோம். சுவரைச் சுரண்டி, ஆணி அடித்து நூல் கட்டி, கட்டம் கட்டமாக மண்ணடுக்குகளை வரைகிறோம். அறுந்த அடுக்கு நடுக்கத்துக்கு முந்தியது. அதன்மேல் அறுபடாமல் படிந்தது பிந்தியது. இரண்டிலும் கிடைக்கும் கரித்துண்டுகளை, அவற்றின் வயதறிய ரேடியோ கார்பன் சோதனைக்கு அனுப்புகிறோம். ஒரே துண்டை மட்டும் நம்பக்கூடாது. பழைய கரி வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுப் புதிய மண்ணில் சேர்ந்திருந்தால், அடுக்கின் வயது கூடுதலாகக் காட்டும். மண் படியாத காலத்தில் அடுத்தடுத்து வந்த இரு நடுக்கங்கள் பள்ளத்தில் ஒன்றாகவே தெரியும். இடைவெளி உண்மையைவிட நீண்டுவிடும்.

நீளத்திலும் ஏமாறலாம். 2023 பிப்ரவரியில் துருக்கியின் கிழக்கு அனத்தோலியப் பிளவில் பல துண்டுகள் சேர்ந்தே உடைந்தன. உடைப்பு 300 கி.மீ.க்கு மேல் ஓடியது, அளவு 7.8. ஒரு துண்டின் நீளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்வளவு வராது.

ஜப்பானின் குமாமோட்டோவில் 2016 ஏப்ரல் 16 அன்று உடைந்த ஃபுதகவா பிளவுக்கு, 30 ஆண்டுக்குள் பெரிய நடுக்கம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 0 முதல் 0.9 சதவீதம் என்றே அதற்கு முன் மதிப்பிட்டிருந்தார்கள். படிப்பவருக்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் 10,000 ஆண்டுக்கொரு முறை உடையும் பிளவுக்கு 30 ஆண்டின் சராசரி வாய்ப்பே 0.3 சதவீதம்தான். அந்த வகைப் பிளவுக்கு 0.9 என்பது உயர்ந்த எண். ஜப்பானிய வகைப்பாட்டிலும் அது 'ஓரளவு அதிகம்' என்ற பிரிவில்தான் வந்தது.

எனவே பிளவின் வாய்ப்பைச் சொல்லும் அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் மேல் வரம்பைப் பாருங்கள். கடைசி உடைப்பின் காலம் பள்ளம் வெட்டிக் கண்டதா, ஊகமா என்று கேளுங்கள். ஊகம் என்றால் அந்தச் சதவீதத்தை வைத்துக் கட்டட வலிமையைக் குறைக்காதீர்கள். பிளவுக்கோடு மனைக்குள்ளேயே ஓடினால் கம்பியைக் கூட்டிப் பயனில்லை. கட்டடத்தைக் கோட்டிலிருந்து தள்ளித்தான் கட்ட வேண்டும். கலிபோர்னியாவில் 1972 முதலே இதற்குச் சட்டம் உண்டு.