உயர பயம் இருந்தும் ரோலர்கோஸ்டரை ரசிக்க முடிவது எப்படி?

உயரத்தின் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் சிலருக்கு உள்ளங்கால் கூசும், தலை கிறுகிறுக்கும். அவர்களிலேயே சிலர் ரோலர்கோஸ்டரில் இருந்து இறங்கிய கையோடு மறுபடியும் வரிசையில் போய் நிற்கிறார்கள். இவர்களுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. பயத்தோடு சேர்த்து வேறொன்றையும் மூளை கற்றுக்கொண்டிருக்கிறது.

நிற்கும்போது நம் உடல் எப்போதும் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்துப் பொருள்கள் கண்ணில் நகர்வதைப் பார்த்துத்தான் மூளை அந்த ஆட்டத்தைப் பெருமளவு சரிசெய்கிறது. உயரத்தில் எல்லாமே தூரத்தில் இருப்பதால் அந்தத் தகவல் குறைகிறது, ஆட்டம் கூடுகிறது. ஆக, உயர பயத்தில் ஒரு பங்கு ரொம்பவே நியாயமான எச்சரிக்கை.

ரோலர்கோஸ்டரில் அந்தப் பங்கு குறைந்துவிடுகிறது. உட்கார்ந்திருக்கிறோம், கம்பி மடியை அழுத்திப் பிடித்திருக்கிறது, விழாமல் நிற்கும் வேலை நம்முடையது இல்லை. பெட்டிக்குத் தண்டவாளத்தின் மேலே மட்டுமல்ல, அடியிலும் சக்கரங்கள் உண்டு. பெட்டி தண்டவாளத்தை விட்டு எழும்ப நினைத்தாலும் முடியாது. ரோலர்கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. மேலே ஏறும்போது பல ரோலர்கோஸ்டர்களில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். நிறையப் பேரை நடுங்க வைப்பது அதுதான். ஆனால் மேலே இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் சரியாதபடி, அடியிலுள்ள கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும் சத்தம் அது. இதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள், அதே சத்தம் காதுக்கு வேறாகக் கேட்கும்.

அப்புறம் அட்ரினலின், அதாவது பதற்றத்தில் உடல் சுரக்கும் ஹார்மோன். பயத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் படபடக்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் நமக்கும் பங்கு உண்டு. மேடையேறுவதற்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசியதை ஆய்வாளர் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். படபடப்பை அடக்கப் பார்ப்பதைவிட அதன் போக்கிலேயே போவது சுலபம்.

பழகும்போது கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள் என்பேன். ‘ஏதோ ஆகப்போகிறது’ என்று மூளை எதிர்பார்த்து, ஒன்றும் ஆகாமல் போவதை அது முழுசாகப் பார்த்தால்தான் புதிய பாடம் பதியும். மூடிய கண்ணுக்கு அடுத்த வளைவும் தெரியாது. உடலின் சமநிலையை உணரும் உட்காதின் குழப்பம் கூடி, குமட்டல் வரலாம். கீழே பார்க்காமல், முன்னால் ஓடும் தண்டவாளத்தைப் பாருங்கள். சிறியதில் தொடங்குங்கள். கடைசிப் பெட்டியைத் தவிருங்கள்: முன்பெட்டிகள் ஏற்கெனவே சரிவில் இறங்கிவிட்டிருப்பதால் அதை உச்சியில் வெடுக்கென்று இழுத்துவிடும், வயிறு மேலே எழும்புகிற உணர்வும் அங்கேதான் அதிகம். நடுப்பெட்டி சற்று மென்மையானது.

புதிய பாடம் பழைய பயத்தை அழிப்பதில்லை, அதற்குப் பக்கத்தில் உட்காருகிறது. அதனால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஏறும்போது பழைய நடுக்கம் எட்டிப் பார்ப்பது இயல்பு. அன்றைக்கு மறுபடியும் சிறியதில் ஒரு சுற்று போய்விட்டு, பிறகு பெரியதற்குப் போகலாம்.