சத்தம் குறைந்த பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஆற்றின் அக்கரையிலுள்ள டலாவிலிருந்து படகேறி பான்சோடான் துறையில் இறங்கி, நனைந்த பிளாஸ்டிக் பையோடு ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். பைக்குள் ஒரே ஒரு மேசை ஸ்பீக்கர்.

"தம்பி, ஜோடியில இது மட்டும் சத்தம் கம்மியா வருது. பாத்துக் குடுங்க."

"இன்னொண்ணு எங்கய்யா?"

"அது நல்லாத்தானே பாடுது. அதை எதுக்குச் சுமக்கணும்?"

நியாயமான பேச்சுதான். யாங்கோனில் இத்தனை வருஷமாக ஸ்பீக்கர் பழுது பார்க்கிறேன். பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். கரண்டில் ஓடும் மேசை ஸ்பீக்கர் ஜோடியில் பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள்தான் எல்லாம் இருக்கும். கரண்ட் ஒயர், ஆம்ப்ளிஃபயர், வால்யூம் குமிழ், போனிலிருந்து ஒயர் சொருகும் ஓட்டை, எல்லாமே அதில்தான். அதைப் பெரிய பெட்டி என்போம். மற்ற சின்னப் பெட்டிக்குள் ஒரு கூம்பும் இரண்டு ஒயரும், அவ்வளவுதான். மாடி வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று குழாயை மட்டும் கழற்றிக்கொண்டு போனால், தொட்டியையும் மோட்டாரையும் யார் பார்ப்பது?

பெரியவரின் பெட்டியை என் மேசை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். கணீரென்று பாடியது. மல்டிமீட்டர் வைத்து மின்தடை பார்த்தால் 3.4 ஓம். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அது பழுதில்லை. காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்து, வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம் மாற்றிப் பாருங்கள். பெட்டியின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின் சொருகியிருந்தால் (சிவப்பு வலது, வெள்ளை இடது) அணைத்துவிட்டு இரண்டையும் மாற்றிச் சொருகுங்கள். குறைந்த சத்தம் அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. போன், ஒயர், பாட்டு, இந்த மூன்றில் ஒன்றுதான். தாவாமல் அதே பெட்டியில் நின்றால் ஸ்பீக்கர் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே பின் உள்ள ஜோடி என்றால் வேறு போனில் மாட்டுங்கள். புளூடூத் இருந்தால் அதில் பாட விடுங்கள். புளூடூத்தில் சமமாகவும் ஒயரில் ஏறுமாறாகவும் வந்தால் ஒயரையும் அது சொருகும் ஓட்டையையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்பீக்கர் பக்கம்தான் என்று ஆனால், சின்னப் பெட்டியின் ஒயரில் வேறு ஏதாவது 4 அல்லது 8 ஓம் பெட்டியை மாட்டிப் பார்க்கலாம். அதுவும் மெல்லப் பாடினால் கோளாறு பெரிய பெட்டியில். ஒயர் மாற்றும்போது கரண்ட் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். இந்த இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று உரசினாலே உள்ளே இருக்கும் ஐசி, அதாவது ஆம்ப்ளிஃபயர் சில்லு, போய்விடலாம்.

சோதனைக்கு எந்தப் பாட்டை வைப்பது? சில பாடல்களில் வீணை ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம் என்று பிரித்தே பதிந்திருப்பார்கள். அதை வைத்து ஸ்பீக்கரைக் குறை சொல்ல முடியாது. போன் அமைப்பில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' இருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே ஒலி போகும். குரல் நடுவிலிருந்து வர வேண்டும். அதே இடத்தில் இடது வலது என்று ஒரு கோடும் இருக்கும். அது நடுவில் நிற்கிறதா பாருங்கள். பிள்ளைகள் கை பட்டு ஓரத்துக்குப் போயிருக்கும், நாம் ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருப்போம்.

அப்புறம் போனில் சொருகும் அந்த 3.5 மில்லிமீட்டர் பின். அதன் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். முழுசாகச் சொருகாவிட்டால் ஒரு பக்கம் குறையும், அல்லது போயே போய்விடும். எர்த் மட்டும் விட்டுப்போனால் வேடிக்கையாக இருக்கும்: வாத்தியமெல்லாம் கேட்கும், பாடகர் காணாமல் போவார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான குரல் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் வரும் வினை அது. போன் ஓட்டைக்குள் சட்டைப் பைப் பஞ்சு அடைத்துக்கொள்வதும் உண்டு. மரப் பல்குத்தியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

இந்த ஊரில் என் மேசைக்கு அதிகம் வருவது வால்யூம் குமிழ்தான். குமிழுக்குப் பின்னால் ஒரே தண்டில் இரண்டு கரித் தடங்கள் இருக்கின்றன, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதில்லை. மலிவான குமிழில், சத்தத்தை நன்றாகக் குறைத்து வைக்கும்போது, ஒரு பக்கம் 2, 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) பின்தங்கும். 1 டெசிபல் வித்தியாசத்தைக் காது கண்டுபிடிப்பதே கஷ்டம். 3 என்றால் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்தது தெரிந்துவிடும். குமிழைத் திருப்பத் திருப்ப சமமாகிவிடும். அதனால் ராத்திரி மெல்லக் கேட்கிறவர்களுக்கு மட்டும் கோளாறு, பகலில் பலமாக வைக்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒரே வீட்டில் இதை வைத்துப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன், இருவர் சொன்னதும் உண்மைதான்! இதற்கு வைத்தியம் சுலபம். ஸ்பீக்கர் குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள், சத்தத்தைப் போனில் குறையுங்கள்.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று வந்தால் அது வேறு கதை. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை இங்கே காற்றே ஈரம். அந்த ஈரமும் தூசியும் கரித் தடத்தில் படிகின்றன. கரண்ட் ஒயரை உருவிவிட்டு, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருபது முப்பது தரம் திருப்புங்கள். பல நேரம் அதிலேயே சில வாரம் ஓடும். அதற்கும் மசியவில்லை என்றால் கடையில் பிரித்து உள்ளே எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டு வந்த மகராசர் ஒருவர் உண்டு. புதுக் குமிழ்தான் போட வேண்டியதாயிற்று.

இரண்டு பெட்டியும் காதிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா, ஒன்று மட்டும் சுவர் மூலையில் ஒட்டி நின்று தொம்தொம் என்கிறதா, அதையும் ஒரு பார்வை பாருங்கள். எல்லாம் மாற்றிய பிறகும் இடது பக்கமே குறைகிறது என்றால், நாற்காலியைத் திருப்பி ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். இப்போது எதிர்ப்பக்கப் பெட்டி குறைவாகக் கேட்டால் பழுது காதில். சிரிக்காதீர்கள். இரண்டு நாள் என் மேசை ஸ்பீக்கரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிய பிறகுதான் என் இடது காதில் அழுக்கு அடைத்திருந்தது எனக்கே தெரிந்தது. காது மருத்துவர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார். ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு காது திடீரென்று மந்தமானால் அது அழுக்குத்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கரண்டைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன கரண்ட் திரும்பும்போது "மீ லா பீ" (கரண்ட் வந்தாச்சு) என்று தெருவே கத்துமே, அந்த நேரம்தான் ஆபத்து. வோல்டேஜ் குதித்துக்கொண்டு வரும். கரண்ட் போனவுடன் ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்து வையுங்கள், வந்து சில நிமிஷம் கழித்துப் போடுங்கள். இந்த அடியை வாங்கி வாங்கித்தான் கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரின் தலை வீங்குகிறது, ஒரு பக்கத்து பேஸ் (தொம்தொம் ஒலி) செத்துப் போகிறது.

பெரிய பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். ஒயரை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். கடைக்கே கொண்டு வாருங்கள். வரும்போது இரண்டு பெட்டி, ஒயர், அடாப்டர், எந்தப் போனில் கேட்கிறீர்களோ அந்தப் போன், எல்லாமே வரட்டும்.

பெரியவர் மறுவாரம் போன் செய்தார். பேரன் போனில் மாட்டினால் இரண்டும் ஒன்றாகப் பாடுகிறதாம், தன் போனில் மட்டும்தான் தகராறாம். போனுக்கு உறை போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். தடித்த ரப்பர் உறை, போன மாதம்தான் வாங்கியது என்றார். கழற்றிவிட்டுச் சொருகச் சொன்னேன். டக்கென்று பின் உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது. கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"படகுக் கூலி தண்டம், தம்பி" என்றார்.