பனி நெருக்க நெருக்க மேலே எழுந்த கப்பல்

1884-இல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் சில சாமான்கள் பனிக்கட்டியோடு ஒதுங்கிக் கிடந்தன. அவை மூன்று வருடத்துக்கு முன்னால் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கிய ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பலின் சாமான்கள். மாலுமி ஒருவரின் பெயர் எழுதிய கால்சட்டைகூட அதில் இருந்தது. உலகத்தின் அந்தப் பக்கம் மூழ்கியது இந்தப் பக்கம் எப்படி வந்தது? வடதுருவக் கடலின் பனி முழுக்க மெல்ல நகர்கிறது, அதுதான் சுமந்து வந்திருக்கிறது என்றார் நார்வே வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன். இதைச் செய்தித்தாளில் படித்த நார்வே துருவப் பயணி ஃபிரிட்யோஃப் நான்சென், கால்சட்டை வந்த வழியில் கப்பலும் வரலாமே என்று யோசித்தார். அதுவரை பனியில் சிக்காமல் இருக்கத்தான் எல்லாரும் பாடுபட்டார்கள், இவர் வேண்டுமென்றே போய்ச் சிக்கிக்கொள்ளத் திட்டம் போட்டார்.

சரி, சிக்கிய கப்பல் ஏன் நொறுங்குகிறது? கடல்பனி ஒரே பலகையாக இருப்பதில்லை. காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள பெரிய பெரிய பாளங்கள் ஒன்றோடு ஒன்று மோதி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நடுவில் மாட்டிய கப்பலின் பக்கச்சுவர் செங்குத்தாக இருந்தால் பனி அதை இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு தடிமனான மரமும் தாங்காது.

நான்சென் கேட்டபடி காலின் ஆர்ச்சர் கட்டி 1892-இல் கடலில் இறக்கிய ஃப்ராம், குட்டையும் அகலமுமான கப்பல்: நீளம் 39 மீட்டர், அகலம் 11 மீட்டர். பக்கச்சுவர் 60 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன், பனி உரசும் வெளி அடுக்குக்கு கிரீன்ஹார்ட் என்ற இறுகிய மரம். ஆனால் என்னைக் கேட்டால், கப்பலைக் காப்பாற்றியது தடிமனைவிட வடிவம்தான். பலாச்சுளையிலிருந்து எடுத்த வழவழப்பான கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள், நழுவி மேலே வரும். உருண்டையான ஃப்ராமையும் பனி அழுத்தினால் பிடிமானம் கிடைக்காமல் அடியில் நுழைந்து மேலே தூக்கிவிடும். பனி பற்றிக்கொள்ளக்கூடிய எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. சுக்கானையும் உந்துவிசிறியையும்கூடக் கப்பலுக்குள்ளே மேலே இழுத்துக்கொள்ளலாம். இதற்கு விலையும் உண்டு, திறந்த கடலில் அது படுமோசமாக உருளும்.

1893 செப்டம்பரில் பதின்மூன்று பேரோடு ஃப்ராம் பனியில் உறைந்தது. 1895 ஜனவரியில்தான் பெரிய சோதனை. பனிமேடு ஒன்று நகர்ந்து வந்து கப்பலின் ஒரு பக்கத்தில் ஏறி, மேல்தளம் வரை சரிந்தது. கப்பலைக் கைவிட வேண்டி வரலாம் என்று உணவையும் படகுகளையும் பனிமேல் இறக்கி வைத்தார்கள். கப்பல் உடையவில்லை, பிடியை விடுவித்துக்கொண்டு எழுந்தது!

மிதந்தபடியே அவர்கள் அளந்தவை கடலியலையே மாற்றின. ஆழம் குறைந்த கடல் என்று நம்பிப் போனவர்கள் கொண்டுபோன அளவுக்கயிறு தரையைத் தொடவில்லை, கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் புரி புரியாகப் பிரித்து நீளக் கம்பியாக்கி இறக்கினால் 3,000 மீட்டருக்கும் கீழே போனது. பனி காற்றடிக்கும் திசையிலேயே போகாமல் 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் விலகிப் போவதையும் நான்சென் கவனித்தார். பூமியின் சுழற்சிதான் காரணம் என்று அவர் ஊகித்ததை, பிறகு சுவீடனின் வாக்ன் எக்மன் கணக்கால் நிறுவினார்.

கப்பல் துருவத்துக்கு மேல் போகாது என்று தெரிந்ததும், 1895 மார்ச்சில் நான்செனும் யால்மார் யோஹான்செனும் 28 நாய்களோடு பனிமேல் கிளம்பினார்கள். வடக்கே நடக்க நடக்க காலடிப் பனி அவர்களைத் தெற்கே கொண்டுபோனது. வடக்கு அட்சரேகை 86 டிகிரி 14 நிமிடம் வரை போய் (துருவம் 90 டிகிரி), அதற்குமுன் யாரும் எட்டாத அந்த இடத்திலிருந்து திரும்பினார்கள். வழியில் இருவர் கடிகாரமும் சாவி கொடுக்க மறந்து நின்றுபோக, சரியான நேரம் தெரியாததால் தீர்க்கரேகையைக் கணிக்க முடியாமல் தடுமாறி, ஃபிரான்ஸ் ஜோசப் நிலம் என்ற தீவுக்கூட்டத்தில் கல் குடிசையில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். கடைசியில் அங்கிருந்த ஓர் ஆங்கிலேயக் குழு அவர்களைக் கண்டுபிடித்தது. 1896 ஆகஸ்ட் 13-இல் நான்சென் நார்வேயின் வார்டோ துறைமுகத்தில் வந்து இறங்கினார். கிட்டத்தட்ட மூன்று வருடம் பனிக்குள் கிடந்த ஃப்ராம், ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு அருகே திறந்த நீருக்கு வந்ததும் அதே நாளில்தான்.